சுவாமிக்கு மட்டும் தண்ணீர்

4-5-1958
அக்னி நட்சத்திரம் ஆரம்பம். அண்ணாமலையார் தலைக்கு மேல் தாராபாத்திரம் கட்டியாயிற்று. அவருக்குப் பகல் முழுவதும் சொட்டுச் சொட்டாகக் குளிர்ச்சி. பூஜை பண்ணுகிற எனக்கு உச்சிக்காலம் முடியும்வரை ஒரு வாய் கிடையாது. குடித்தால் ஒன்றுக்குப் போகணும், போனால் மறுபடி குளிக்காமல் சந்நிதி ஏறக் கூடாது. அதனால் எங்கள் வம்சத்தில் யாரும் குடிப்பதே இல்லை. ஆசாரம் என்று பெயர். பாதி சோம்பல்தான்.

சொட்டுகிற சத்தத்தில் அண்ணாவின் குரல் கேட்கிறது. "டேய் கபாலி, ஒரு வாய் தண்ணி." போன தையில் மூத்திரம் நின்று, உடம்பெல்லாம் வீங்கிப் போய்ச் சேர்ந்தான். வீங்கினவனுக்குத் தண்ணீர் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கேட்டுக்கொண்டேதான் போனான்.

11-5-1958
வலது விலாவுக்குக் கீழே வலி. கத்தியை விட்டுத் திருகினாற்போல். தூணைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தேன். சிறுநீர் சிவப்பு.
"ஏன்னா, உங்க அண்ணாவுக்கும் இப்படித்தானே..." என்றாள் லலிதா. வாயை மூடு என்றேன். பாவம், என் பெண்டாட்டியாக வந்ததற்கு இதுவும் கேட்டுக்கொள்கிறாள்.

13-5-1958
கல்லடைப்பாம். வாழைத்தண்டுச் சாறு, வாழைத்தண்டுக் கறி, வாழைத்தண்டு மோர்க்கூட்டு. இப்படியே போனால் குலை தள்ளிவிடுவேன்.

20-5-1958
வலி போயிற்று! லலிதா அம்மனுக்குப் புடவை சாத்தணும் என்கிறாள். என்னோடு முறை பார்க்கிற குஞ்சிதபாதம், "அண்ணாமலையார் கரைச்சுட்டார்டா" என்று முதுகில் தட்டினார்.

அண்ணாவும் இதே வார்த்தைதான் சொன்னான். பாயசம் வைக்கச் சொல்லிச் சாப்பிட்டான். அப்புறம் ஆறு மாசம் தாங்கவில்லை.

கல் வெளியே விழுந்ததை நான் பார்க்கவில்லையே — அப்படியானால் எங்கே இருக்கிறது?

2-6-1958
வேலூர். படம் எடுத்தார்கள். கல் வழியை அடைத்துக்கொண்டு சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.
"வலி நின்னா கல்லு போயிடுச்சுன்னு அர்த்தமில்லைங்க," என்றார் டாக்டர். "இது ரொம்ப நாளா அடைச்சிருக்கு. உள்ள கிட்னி செத்துப்போச்சு." அதை எடுத்துவிட வேண்டுமாம். இடது பக்கத்திலும் பொடிக்கல். "அந்த ஒண்ணையாவது காப்பாத்திக்குங்க. தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்காம தண்ணி குடிங்க. உப்பைக் கம்மி பண்ணுங்க."
உச்சிக்காலம்வரை குடிக்கிற வழக்கமில்லை என்றேன்.
"கிட்னிக்கு உச்சிக்காலம் தெரியாதுங்க."

29-6-1958
எடுத்துவிட்டார்கள். இருமினால் உயிர் போகிறது. ஆனால் போகவில்லை.

14-9-1958
சந்நிதிக்குத் திரும்பினேன். வெட்கம். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று குடிக்கவில்லை. மாலையில் சிறுநீர் கடுங்காப்பி நிறம்.
லலிதா குடத்தைக் கொண்டுவந்து எதிரில் வைத்தாள். "நீங்க தண்ணி கேட்டு, நான் தரக்கூடாதுங்கற நாள் வரணுமா?" என்று அழுதாள்.
பயமாக இருக்கிறது. செத்துப்போக அல்ல. அப்படிக் கேட்டுக்கொண்டே போக.

கார்த்திகை தீபம்
விடியற்காலை பரணி தீபத்திலிருந்து நிற்கிறேன். அண்ணா கேட்டான். வெளியே வந்து ஒரு சொம்பு குடித்தேன். ஒன்றுக்குப் போய், குளத்தில் முழுகி, ஈர வேஷ்டியோடு சந்நிதி ஏறினேன். மறுபடி கேட்டான். மறுபடி சொம்பு, மறுபடி முழுக்கு. குளிரில் பல் கிட்டியது. குஞ்சிதபாதம் முறைத்தார், முறைக்கட்டும்.
வரிசையில் ஒரு அம்மாள், "எத்தினி வாட்டி குளிக்கிறாரு பாரு, இன்னா ஆசாரம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

மலையில் தீபம் ஏறியது. ஊரே அரோகரா என்றது. அந்தச் சத்தத்திலும் "டேய் கபாலி" என்றான். இனி நிற்காது போலிருக்கிறது.

கேட்கட்டும். அவன் கேட்கிறபோதெல்லாம் நான் குடிக்கிறேன்.