சிட்டு உன்னிடம் வராததற்குக் காரணம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் சுகமாய் வைத்திருக்கிறார் என்ற நம்பிக்கையோடுதான் பேனாவை எடுத்தேன், ஆனாலும் மனது கேட்காமல் நேற்று மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன், "நல்லாத்தான் இருக்கா மாமா, பேச்சுதான் கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்றார். இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம். ஓரளவு என்று ஏன் எழுதினேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். "சிட்டு வரல அக்கா" என்று தம்பி சொன்னதும் நீ "சரி" என்று சொல்லி வைத்துவிட்டாயாம், அதற்குப் பிறகு இங்கிருந்து யார் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. உன் மேல் குற்றமில்லை அம்மா. அவன் பாதி வாக்கியம்தான் சொன்னான். மீதியை நான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. எழுத்து கோணலாக இருந்தால் மாவு பிசைந்து பிசைந்து விரல் விறைத்துப் போன கை என்று விட்டுவிடு.

நீ போன தடவை வந்திருந்தபோது தம்பி குடும்பம் சபை ஊழியத்துக்குப் போவது வெறும் பேச்சாகத்தான் இருந்தது. நீ ஊர் போய்ச் சேர்ந்ததும் எல்லாம் ஓட்டமும் நடையுமாக நடக்க ஆரம்பித்தது. கடல் தாண்டி அந்தத் தீவில் தம்பி கிணறு தோண்டிக் கொடுப்பது, மருமகள் பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் சின்ன நிலையத்தைப் பார்த்துக்கொள்வது, மூன்று வருஷம் அங்கேயே இருப்பது என்று சபையில் முடிவானது. தம்பி வேலையை விட்டான், வாடகை வீட்டைக் காலி செய்து சபைக்குப் பின்னால் இருக்கும் விருந்தினர் அறைக்கு வந்தார்கள். நால்வருக்கும் மாறி மாறித் தடுப்பூசி போட்டார்கள். ஊசிக்குப் பயந்து பெரியவன் சிட்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தபோது மருமகள் அவனை மடியில் இருத்தி, நோயைக் கொஞ்சூண்டு உள்ளே விட்டால் உடம்பு அதோடு சண்டை போட்டுப் பழகிக்கொள்ளும், பிறகு பெரிய நோய் வந்தாலும் பயமில்லை என்று விளக்கிச் சொன்னாள். நர்ஸ் இல்லையா, எதையும் விளக்கித்தான் சொல்வாள். பெட்டிகளையெல்லாம் நம் பேக்கரித் தராசில் வைத்துத்தான் எடை பார்த்தோம். சின்னவள் உருண்டை தன் பையில் செருப்புகளை மட்டும் அடைத்துக்கொண்டு வந்து, பிறகு தானும் தராசில் ஏறி உட்கார்ந்து, "என்னையும் கட்டுங்க" என்றாள். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். இந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அதற்கு மறுவாரம் சபை அனுப்பிய டாக்டர் சிட்டுவின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, இந்த இழுப்போடு இவனை அங்கே கொண்டுபோவது சரியில்லை என்றார். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் படகில் அரை நாள் போக வேண்டுமாம். ஒரு வருஷம் இங்கே யாரிடமாவது விட்டுவிட்டுப் போங்கள், இழுப்பு வராமல் இருந்தால் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்றார். எங்களிடம் விட முடியாது, நாங்கள் இருப்பதே பேக்கரிக்கு மேல், கீழே மாவு சலித்தால் மேலே அவன் இருமுவான், கடையின் பின்பக்கம் போகவே கூடாது என்று அவனுக்கு நடக்கப் பழகிய நாளிலிருந்தே உத்தரவு. அதனால்தான் தம்பி உன்னைக் கேட்டான். கேட்டு முடிக்குமுன்னே நீ "கொண்டாந்து விடுடா, நான் பாத்துக்கறேன்" என்றாயாம். அதைச் சொல்லும்போது அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். உனக்கு அது எப்படிப்பட்ட வார்த்தை என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி நாம் இரண்டு பேரும் இத்தனை வருஷத்தில் பேசியதில்லை, இப்போதும் நான் பேசப் போவதில்லை.

மருமகள் சரி என்றாள். மறுநாளிலிருந்து சிட்டுவைக் கண்ணாடி முன் நிறுத்தி இன்ஹேலரைத் தானே எடுத்துக் குலுக்கி, வாயில் வைத்து, அழுத்தி, மூச்சை உள்ளே இழுத்து நிறுத்திக்கொள்ளப் பழக்கினாள். அவன் சரியாகச் செய்தால் "நல்லா பண்ற" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள், கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வருவாள். உன் அம்மா என்னிடம், "இவ பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கறாளா, தனக்குச் சொல்லிக்கறாளான்னு தெரியல" என்றாள். வழியனுப்பு ஆராதனை அன்று போதகர் குடும்பத்தை முன்னால் வரச்சொன்னார். தம்பியும் மருமகளும் உருண்டையும் போனார்கள். சிட்டு என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மூப்பர்கள் அந்த மூவர் தலைமேலும் கை வைத்து ஜெபித்தார்கள், சபை முழுக்க அழுதது. சிட்டு அழவில்லை. என் காதருகே வந்து, "தாத்தா, எனக்கு இழுப்பு வராதுன்னு காட்டிட்டா இப்பவே கூட்டிட்டுப் போவாங்களா, இல்ல ஒரு வருஷம் ஆகணுமா" என்று கேட்டான். ஜெபவேளை என்று நான் அவன் கையை மட்டும் அழுத்தினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதிய ரொட்டி இறக்கி அடுப்பு அணைத்திருந்த நேரம். மருமகள் மேலே உட்கார்ந்து உன் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டிய அவன் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள், தம்பி விமான டிக்கெட் விஷயமாக வெளியே போயிருந்தான், நான் கடை முகப்பில் இருந்தேன். உருண்டை வந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "அண்ணன் மாவு ஊசி போட்டுக்கறான்" என்றாள். மாவு ஊசியா, எனக்கும் ஒன்று போடச் சொல் என்று நான் விளையாட்டாகச் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்காமல், "அண்ணனுக்குப் பேச்சு வரல" என்றாள். ஓடினேன். மாவு மூட்டை அடுக்கிய அறையில், இரண்டு அடுக்குக்கு நடுவில், சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தான். மூக்கிலும் கன்னத்திலும் மாவு. தோள் இரண்டும் தூக்கித் தூக்கிப் போட்டது, உதடு நிறம் மாறியிருந்தது, கண் மட்டும் என்னைப் பார்த்து ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது. நான் கத்தியதில் மருமகள் எப்படி இறங்கி வந்தாள் என்று தெரியாது. அவனை வாரி எடுத்து வெளியே காற்றுக்குக் கொண்டுவந்து, மருந்தை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே, "வண்டி எடுங்க மாமா" என்றாள். ரொட்டி வண்டியில்தான் போனோம், பின்னால் காலித் தட்டுகள் தடதடவென்று அடித்துக்கொள்ள. அவ்வளவு தூரமும் அவள் அவன் காதில், "அம்மா மூச்சோட சேந்து விடு, அம்மாவோட சேந்து" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் ஜெபம்கூடச் செய்யவில்லை அம்மா.

பிழைத்தான். ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துக் காற்று கொடுத்தார்கள், சாயங்காலத்துக்குள் உதட்டுக்குப் பழைய நிறம் திரும்பியது. பேச்சு வந்ததும் அவன் அம்மாவிடம் முதலில் சொன்னது என்ன தெரியுமா. "நீதானம்மா சொன்ன, கொஞ்சூண்டு உள்ள விட்டா உடம்பு பழகிக்கும்னு. நான் தினம் கொஞ்சூண்டு மாவு மோந்து பாத்தேன். நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னிக்கு அளவு கூடிடுச்சு." இடையில் வந்த இழுப்பையெல்லாம் யாருக்கும் தெரியாமல் போர்வைக்குள் அடக்கி வைத்திருந்திருக்கிறான். மருமகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தம்பி வந்து சேர்ந்ததும் இரண்டு பேரும் வராந்தாவில் நின்று பேசினார்கள். ஒட்டுக்கேட்கவில்லை, நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். மருமகள், "ஆண்டவர் கூப்பிட்டது நம்ம ரெண்டு பேரையா, நாலு பேரையா, எனக்கு அத மட்டும் சொல்லுங்க" என்றாள். தம்பி, "சபைக்கு முன்னாடி வாக்கு குடுத்துட்டேன், இப்ப எப்படி மாத்தறது" என்றான். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "அதே இடத்துல நின்னுதான் இவனுக்கு ஞானஸ்நானம் குடுத்தோம். அன்னிக்கு இவனக் கூடவே வச்சு வளக்கறோம்னு சொன்னோமே, அது வாக்கு இல்லையா" என்றாள். தம்பி உள்ளே போய்ச் சிட்டுவின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவன் பாதத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

மறுநாள் அவனே சபைக் கமிட்டிக்குப் போனான், துணைக்கு நானும் போனேன். ஒரு மூப்பர், "கை வச்சு ஜெபிச்சு அனுப்பியாச்சே தம்பி, இப்ப வந்து நிக்கறியே" என்று வருத்தமாகத்தான் கேட்டார், கோபமாக இல்லை. தம்பி, "ஜெபம் வீணாப் போகலய்யா, நான்தான் அன்னிக்குப் பாதிக் குடும்பத்தோட வந்து நின்னேன். போனா நாலு பேரும் போறோம், இல்லன்னா இல்ல" என்றான். அவர்கள் கூடிப் பேசி, தீவுக்கு வேறொரு குடும்பத்தை அனுப்புவது என்றும், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிற மாதிரி வேறு இடம் இவர்களுக்குத் தேடுவது என்றும் சொன்னார்கள். கிடைத்தால் அடுத்த வருஷம். கிடைக்காமலும் போகலாம். அன்று அழுது அனுப்பியவர்கள் இப்போது கடைக்கு ரொட்டி வாங்க வந்தால் கண்ணைப் பார்க்காமல் காசை நீட்டுகிறார்கள். தம்பி தினமும் வந்து என் மாவு மூட்டைகளைத் தூக்கிப் போடுகிறான், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. சபையில் பாட்டு ஆரம்பித்தால் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடியே இருக்கிறான். உன் அம்மாவுக்கு யார் மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை, பாத்திரங்கள்தான் அடி வாங்குகின்றன. ஆண்டவர் மேல் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது, அதை உன்னிடம் எழுதி உன் மனதையும் கெடுக்க மாட்டேன், அவரிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி நான் கேட்கப் போவது. தீவுக்குப் போகும் அந்தப் புதுக் குடும்பம் தயாராவதற்கு விருந்தினர் அறை வேண்டுமாம், இம்மாதத்தோடு இவர்கள் காலி செய்ய வேண்டும். பழைய வாடகை வீட்டில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். இங்கே மாடியில் வைத்துக்கொள்ள எனக்குக் கொள்ளை ஆசை, ஆனால் இனி அந்தப் பிள்ளையை இந்த மாவுக் காற்றில் ஒரு ராத்திரிகூடப் படுக்கவைக்க எனக்குத் தைரியம் இல்லை. சிட்டுவுக்காக அறையை ஒழித்து வண்ணம் அடித்துக் கட்டில் போட்டு வைத்ததையும், இப்போது நீ அந்தக் கதவைச் சாத்தியே வைத்திருப்பதையும் மாப்பிள்ளை சொன்னார். வேறு இடம் அமையும்வரை நாலு பேரையும் உன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா. அங்கே தம்பிக்கு ஏதாவது வேலை கிடைக்கும், ஆஸ்பத்திரியும் பக்கத்திலேயே இருக்கிறது. தம்பி கேட்க மாட்டான், அவனுக்கு உன் முன்னால் நிற்கவே கூச்சம். மருமகளோ, "குடுக்கறேன்னு சொல்லிட்டுப் பறிச்சுக்கிட்டேனே மாமா, அக்கா முகத்த எப்படிப் பாப்பேன்" என்கிறாள். அதனால் நான் கேட்கிறேன்.

நீ எதிர்பார்த்தது இது இல்லை என்று எனக்குத் தெரியும். நீ எதிர்பார்த்தது ஒரு பிள்ளையை. நான் கேட்பது அந்தப் பிள்ளையை அவன் அம்மாவோடு சேர்த்து. உன் வீட்டில், உன் கண் முன்னால், காலையில் எழுந்ததும் அவன் அவளைத்தான் தேடுவான். நோவு வந்தால் அவள் மடிக்குத்தான் போவான். அதைத் தினமும் பார்ப்பது லேசான காரியம் இல்லை, லேசு என்று எழுதினால் நான் உன் அப்பா இல்லை. முடியாது என்று தோன்றினால் முடியாது என்று ஒரு வரி எழுது. ஏன் என்று கேட்க மாட்டேன், உன் அம்மாவையும் கேட்கவிட மாட்டேன், வேறு வழி தேடுவேன். உன் மேல் எனக்கு இருக்கும் பாசத்தில் கடுகளவும் குறையாது. மாப்பிள்ளையோடு கலந்து பேசு, அவசரப்படாதே. ரத்தம் குறைவாக இருக்கிறது என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே, மனக்கஷ்டம் வந்தால் நீ முதலில் சாப்பாட்டைத்தான் மறப்பாய்.

கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக. உங்கள் இருவர் மேலும் அவர் கை இருக்கட்டும், உன் வீட்டில் சமாதானம் குறையாதிருக்கட்டும் என்று நானும் உன் அம்மாவும் தினமும் ஜெபிக்கிறோம்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிடக் கூடாது, சிட்டு என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு சொல்லச் சொன்னது. "அத்தை வேணாம்னு நான் சொல்லல தாத்தா. அம்மாவும் வேணும்னுதான் சொன்னேன். அத அத்தைக்குச் சரியா எழுதுங்க." சரியாக எழுதிவிட்டேன் என்று அவனிடம் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா