கொழுக்கிக்கு மேல் இருந்த பெயர்

மிஸ், லண்டன் டூட்டிங்கில் இருக்கிற என் கடையின் பின்னறையைத் துப்புரவாக்கும்போது பழைய மிளகாய்த்தூள் பெட்டிக்குள் அந்த அட்டை அகப்பட்டது. நேர்சரியில் என் மகள் கோட் மாட்டிய கொழுக்கிக்கு மேல் நீங்கள் ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் ஆங்கிலத்தில் 'மெகி'. மறுபக்கம் கோணல்மாணலான தமிழில் 'மங்கையர்க்கரசி'. முதல் பக்கம் என் கெட்டித்தனம், மறுபக்கம் உங்கள் கைவேலை. தும்மிக்கொண்டே சிரித்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. இராசதுரையாகிய நான் கடைக்கு வருகிறவர்களுக்கு 'ராஜ்'. சுருக்கமான பெயர்தான் இந்த ஊரில் விலைபோகும் என்பது என் எண்ணம். அதனால் நாலு வயது மகளைச் சேர்க்கும்போது படிவத்தில் 'மெகி' என்று எழுதிவிட்டேன். மனைவிக்குச் சொல்லப் பயம். பிள்ளைக்கு வைத்திருந்தது அவளுடைய அம்மாவின் பெயர். மகளிடம் சொன்னால் அது மனைவியின் காதுக்குப் போய்விடும். ஆக, தான்தான் மெகி என்பது மெகிக்கே தெரியாது.

பிள்ளை நேர்சரியில் சேர்ந்து மூன்றாம் கிழமை நீங்கள் கடைக்கு வந்தீர்கள்.

"மிஸ்டர் ராஜ், கூப்பிட்டால் பிள்ளை திரும்பியே பார்க்கிறாளில்லை. காது டொக்டருக்கு எழுதப்போகிறோம்."

நான் வாயைத் திறக்கமுன் பின்னறையிலிருந்து மனைவி, "மங்கையர்க்கரசி! இஞ்ச ஓடி வா பிள்ளை!" என்றாள். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் விளையாடிய மகள் பறந்து போனாள்.

"அப்படியானால் மெகி யார்?" என்று கேட்டீர்கள். அதற்குள் மனைவியும் வந்துவிட்டாள்.

"ஆரப்பா அது மெகி? கடையில கிடந்ததெல்லாம் வித்து முடிச்சு, என்ர அம்மாவின்ர பேரையும் வித்துப்போட்டியளோ?"

அவள் முகத்தையும் என் முழியையும் பார்த்து நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பிறகு சிரிப்பு நின்றது. நீங்கள் அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிப் பெண். உங்கள் அம்மாவைச் சின்ன வயதில் வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோய், பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் வைத்தார்களாம். "தன் பெயர் என்னவென்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. இன்னொரு பிள்ளைக்கு அதை நான் செய்யமாட்டேன்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு வெண்டிக்காய் வாங்க வரும்போதெல்லாம் மனைவியிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பழகினீர்கள். ஒரு நாள் என்னையும் நேர்சரிக்குக் கூப்பிட்டீர்கள். பிள்ளைகளை வட்டமாக இருத்தி, மகளுக்கு முன்னால் முழங்காலில் நின்று, "உன்னைப் பிழையான பெயரில் கூப்பிட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்" என்றீர்கள். பிழை விட்டவன் கதவடியில் நின்றுகொண்டிருந்தேன். மற்றப் பிள்ளைகள் அந்தப் பெயரை உருட்டிப் பிரட்டிச் சொல்ல, மகள் மகாராணி மாதிரி ஒவ்வொருவரையாகத் திருத்தினாள். பிறகு வட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைச் சொல்லி, அதை வைத்தது யாரென்றும் சொன்னது. கடைசியில் என் பக்கம் திரும்பினீர்கள். "உங்கள் முறை."

"இராசதுரை" என்றேன். எனக்கே புதிதாகக் கேட்டது.

இப்போது கடையில் ஐந்து நாட்டுக்காரர் வேலை செய்கிறார்கள். முதல் நாள் நான் கேட்பது ஒன்றுதான்: "வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்?" ஷிப்ட் அட்டவணையில் பெயர்கள் கட்டத்துக்கு வெளியே போகின்றன. போகட்டும்.

போன கிழமை உங்கள் தங்கையின் கடிதம் வந்தது. நீங்கள் போய்விட்டீர்களாம். மகளுக்குச் சொல்ல உங்கள் பெயரை எடுத்ததுதான் தாமதம், பதினாறு வயதுக்காரி மறித்தாள்.

"அப்பா, பேரைச் சொல்லாதேங்கோ. அவையின்ர சனம் செத்தவையின்ர பேரைச் சொல்லுறேல்லை. மிஸ்தானே சொன்னவ!"

அதனால்தான் மிஸ், என் பெயரையும் மகளின் பெயரையும் எழுதிய இந்தக் கடிதத்தில் உங்கள் பெயர் இல்லை. அது எனக்குப் பிழையில்லாமல் சொல்ல வரும். சொல்லாமல் வைத்திருக்கிறேன்.