மருந்தடிக்கக் கூடாத வரிசை

மே 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

பெட்டியில் ஏழு ரக விதை உருளைக்கிழங்கு அனுப்பியிருக்கிறேன். காட்டு உருளைக்குக் கருகல் நோய் வராது. ஆனால் கிழங்கு கோலிக்குண்டு அளவுதான், கசப்பு வேறு. நம் உருளையோடு மகரந்தம் சேர்த்தாலும் காய் பிடிக்காது. அதனால் இரண்டின் செல்களையும் சுவர் கரைத்து, லேசாக மின்சாரம் பாய்ச்சி ஒன்றாக்கி, கண்ணாடிக் குழாயில் செடியாக்கினேன். இந்த ஏழும் அப்படி வந்தவை, எட்டு வருட வேலை.

ரகத்துக்கு ஒரு வரிசை நடுங்கள். நோய் வந்தாலும் மருந்தடிக்காதீர்கள். தானாகத் தாக்குப்பிடிக்கிறதா என்பதுதான் சோதனை. சோதனை ரகம் வெளியே பரவக் கூடாது என்பது விதி, அதனால் அறுவடையை எண்ணியதும் ஒரு கிழங்கு மிச்சமில்லாமல் எரித்துவிடுங்கள். ஏழாவதின் மேல் உயிரையே வைத்திருக்கிறேன்.

உங்கள் வாலு

ஆகஸ்ட் 19

அடி வாலு,

"நல்ல நிலத்துல நோயை வளர்க்கச் சொல்றாளே உங்க தங்கச்சி" என்று உன் அண்ணி திட்டி முடித்துவிட்டாள். மழை விடவே இல்லை. ஐந்து வரிசை கருகிப் போயிற்று. மூன்றாவதில் பாதி இலை உதிர்ந்து, இப்போது துளிர்க்கிறது. ஏழாவதுதான் புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நிற்கிறது. சந்தோஷமா? வேளாவேளைக்குச் சாப்பிடு. போன தடவை எலும்பும் தோலுமாக வந்து நின்றாய்.

அண்ணன்

அடுத்த வருடம், ஜூலை 2

அன்புள்ள அண்ணா,

வளர்ப்பு அறையில் இடமில்லாததால் ஏழாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஆறையும் அழித்துவிட்டோம். ஏழாவதை நான்கு ஊர்களில் நட்டோம். நோய் தொட்ட பத்தே நாளில் நான்கிலும் கருகிவிட்டது. உங்கள் நிலத்தில் மட்டும் எப்படி நின்றது? மண்ணா, காற்றா? மண்டையை உடைத்துக்கொள்கிறேன். "உங்க அண்ணன் மருந்து அடிச்சிருப்பாரோ?" என்று எங்கள் ஆய்வக இயக்குநர் கேட்டார். என் அண்ணன் அப்படிச் செய்யவே மாட்டார் என்று சத்தியம் செய்தேன்.

வாலு

ஜூலை 9

என் கண்ணே,

எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. ஏழாவதில் முதல் கரும்புள்ளி வந்த அன்று, நீ உயிரை வைத்திருப்பதாக எழுதியதுதான் ஞாபகம் வந்தது. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அந்த ஒரு வரிசைக்கு மட்டும் இரண்டு தடவை மருந்தடித்தேன். அண்ணிக்கும் தெரியாது. மூன்றாவதை நான் தொடவில்லை. அது தானாகவேதான் பிழைத்தது.

அந்த மூன்றாவதில் ஒரு கிழங்காவது கிடக்குமா என்று மூன்று நாளாக மண்ணைக் கிளறிப் பார்த்தேன். இல்லை. எல்லாவற்றையும் அறுவடையன்றே எரித்துவிட்டேன். அதில் மட்டும் உன் பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

வாய்க்கு வந்தபடி திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

அண்ணன்

செப்டம்பர் 30

அண்ணா,

திட்டத்தை மூடிவிட்டார்கள். நேற்று என் மேசையைக் காலி செய்தேன். ஒரு மாவு ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது.

உங்கள் மேல் கோபமே இல்லை என்று எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது, கிழித்துப் போட்டேன். பாசத்தில் செய்தீர்கள் என்று தெரியும். மருந்தடித்த அன்றைக்கே ஒரு வரி எழுதியிருந்தால் மூன்றாவது இன்று என் கையில் இருந்திருக்கும். அதை நினைத்தால் நெஞ்சு வெடிக்கிறது. இதுவரை எதில் தோற்றாலும் உங்களிடம் வந்துதான் அழுதிருக்கிறேன். இதற்கு எங்கே போய் அழுவது என்று தெரியவில்லை.

இனிக் கடிதம் போடாதீர்கள். போட்டாலும் பிரிக்க மாட்டேன். அண்ணியிடம் நான் நன்றாக இருப்பதாகச் சொல்லுங்கள்.

தங்கை