தறியை நிறுத்தச் சொன்னேன், அக்கா

என் கோமளா அக்காவுக்கு,

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. நம் திருத்தணி மலையில் கிருத்திகைக் கூட்டம் இன்னும் குறையவில்லை. நைனா துணிக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டார், ஆனால் கல்லாவை விட்டு நகரமாட்டேன் என்கிறார். நான் இன்னும் சர்வே வேலைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் சென்னையில் பயிற்சி. கணவனிடம் அடிவாங்கும் பெண்கள் எந்த நாட்டில் எவ்வளவு என்று ஒரு அட்டவணையைக் காட்டினார்கள். ஒரு நாட்டில் சின்ன எண், இன்னொன்றில் பாதிக்கு மேல். நம் நாடு நடுவில் எங்கோ இருந்தது. "ஏன் இவ்வளவு வித்தியாசம்?" என்று மேடம் கேட்டார். கையில் சொந்தக் கூலி, போய் நிற்க ஓர் இடம், கேட்க ஒரு சட்டம் இருக்கிற ஊரில் அடி உண்மையிலேயே குறைகிறது என்றார்கள். அது சரிதான். ஆனால் எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தெரிந்தவர்களிடம் ஒரு ஃபாரம் பழகிப் பார்க்கச் சொன்னார்கள். நான் பஸ் ஏறிப் பொதட்டூர்பேட்டைக்கு உன்னிடம் வந்தேன். ஞாபகம் இருக்கிறதா? விசைத்தறி சத்தத்தில் என் கேள்வி எனக்கே கேட்கவில்லை.

"தறியை நிறுத்துக்கா."

"எதுக்குடி? அது பாட்டுக்கு ஓடிகினு இருக்கட்டும். நீ கிட்ட வந்து கேளு."

நான்தான் பெரிய ஆபீசர் ஆயிற்றே. நிறுத்தினால்தான் கேட்பேன் என்றேன். நீ நிறுத்தினாய். ஃபாரத்தில் இருந்தபடியே, "உங்க வீட்டுக்காரர் உங்களை அடிச்சிருக்காரா?" என்று வாசித்தேன். 'உங்க' என்றதற்கு நீ சிரித்தாய். அதற்குள் பாவா வாசலில் வந்து நின்றார்.

"ஏன் நின்னுபோச்சு? இழை அறுந்துச்சா?"

"இல்ல" என்றாய். பிறகு என்னைப் பார்த்து, "அதுக்கும் இல்லதான். எழுதிக்கோ" என்றாய். நான் எழுதிக்கொண்டேன். உன் புருவத்துக்கு மேல் இருந்த தழும்பைப் பற்றிக் கேட்கவில்லை. தறியில் குறுக்கே ஓடும் நாடாக் கட்டை தெறித்துப் பட்டது என்று நீ முன்பே சொல்லியிருந்தாய், நானும் நம்பியிருந்தேன்.

நைனா வீட்டில் தறி கிடையாது. தறி நின்றால் வீடே என்னவென்று பார்க்க ஓடிவரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த மாதம் உங்கள் பக்கத்துத் தெருவுக்கு நிஜமான ஃபாரங்களோடு வந்தேன். வீட்டுக்கு வீடு தறியை நிறுத்தச் சொன்னேன். வீட்டுக்கு வீடு 'இல்லை'. அந்தத் தெருவைப் போல உத்தமமான தெரு உலகத்திலேயே இல்லை என்கிற கணக்கில் அனுப்பிவைத்தேன்.

மஞ்சள் காமாலையில் நீ போன பதினாறாம் நாள்தான் பானு சொன்னாள். "அம்மா என்கிட்ட எல்லாம் சொல்லும் சித்தி. தறி ஓடும்போது காதாண்ட வந்து சொல்லும். அந்தத் தழும்பு நாடா பட்டது இல்ல."

அன்று மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். இறந்ததற்காக மட்டும் இல்லை. கிட்ட வந்து கேள் என்று நீ சொன்னாயே, அதற்காக.

இப்போது அட்டவணையில் சின்ன எண்ணைப் பார்த்தால் சந்தோஷப்பட முடியவில்லை. அந்த ஊரில் நிஜமாகவே நிம்மதியா? இல்லை, என்னைப் போல ஒருத்தி போய் எதையாவது நிறுத்தச் சொன்னாளா?

ஒரு சேதி. உன் பானுவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பையன் அம்மையார்குப்பம், நல்ல மாதிரிதான் தெரிகிறான். பாவாவும் உனக்கு அப்படித்தான் தெரிந்தார். அந்த வீட்டிலும் இரண்டு விசைத்தறி.

மாதம் ஒருமுறை அவளைப் பார்க்கப் போவேன், அக்கா. தறி ஓடட்டும். ஃபாரம் கொண்டுபோகமாட்டேன். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் வாயருகே என் காதை வைத்துக் கேட்பேன். ஆமாம் என்றால், அடுத்த திருத்தணி பஸ்ஸில் அவளும் என்னோடு வருவாள்.

அன்று தள்ளி உட்கார்ந்து கேட்ட,
உன் தங்கை வசந்தா