பட்டுக்குப் போட்ட சோடா

1969 ஏப்ரல் 7, திங்கள்

இருபதாம் தேதி ஆரணியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அக்கா தரகரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம்: "பொண்ணு நிறம் எப்படி?" தரகர் மாநிறம் என்று சொல்லிவிட்டார். உமாபதி அண்ணன் தறியில் உட்கார்ந்தபடியே சிரித்தான். "மாநிறமா? புளுகறதுக்கும் ஒரு அளவு இருக்குதில்லப்பா!" எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். பிறகு தனியாகக் கண்ணாடி முன் போய் நின்றபோது சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 10

அப்பா கொல்லையில் நூல் அவித்தார். சாயம் போடுவதற்கு முன் கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சோடா உப்பும் போட்ட கொதிநீரில் முக்கி எடுக்க வேண்டும். உள்ளே போகும்போது பழுப்பாக, விறைப்பாக, வைக்கோல் மாதிரி இருக்கும். பசையெல்லாம் கழன்று வெளியே வரும்போது என்ன வெளுப்பு, என்ன பளபளப்பு! பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். இன்றைக்குத்தான் புத்தி இப்படிப் போயிற்று. பட்டும் ஒரு பூச்சியின் உடம்பிலிருந்து வந்ததுதானே? அதற்கு ஆகிறது எனக்கு ஆகாதா?

அந்தத் தண்ணீரில் ஒரு கிண்ணம் எடுத்து ஆறவிட்டு, போதாது என்று இன்னும் ஒரு பிடி சோடா சேர்த்து முகத்தில் பூசிக்கொண்டேன். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

ஏப்ரல் 11

முகம் இழுத்துப் பிடிக்கிறது. கொஞ்சம் மினுமினுப்பு தெரிகிற மாதிரி இருக்கிறது. இன்றும் பூசினேன்.

ஏப்ரல் 13

கன்னமெல்லாம் சிவந்து கொப்புளம். நெற்றியிலும். அம்மா பார்த்ததும் கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்துட்டாடி! நம்ம வீட்டுக்கு ஆத்தா வந்துட்டா!" பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டில் அம்மை போட்டிருக்கிறது. அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. சோடா என்று சொல்வதா? அதற்கு அம்மையே மேல்.

ஏப்ரல் 15

என்னால் அப்பா சாய அடுப்பு மூட்டவில்லை. தறி ஓடவில்லை. தாளிப்பு இல்லை. வீடே எனக்காகக் கூழ் குடிக்கிறது. கேலி பேசிய அண்ணன் ஈர வேட்டியோடு வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "தெரியாம பேசிட்டேன், மன்னிச்சுக்கோ தாயே" என்கிறான். அவனுக்கு நான் தாயாம்! பூமி பிளந்தால் உள்ளே போய்விடுவேன்.

வெந்த தோலின்மேல் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அப்புகிறார்கள். ஐயோ, உயிர் போகிறது. பல்லைக் கடித்தால் அம்மனுக்குக் கோபம் என்கிறார்கள். எண்ணெய் படக் கூடாது, டாக்டரிடம் போகக் கூடாது. தோல் வெடித்து நீர் கசிகிறது. உண்மையைச் சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். சொல்லேன்டி! — எந்த மூஞ்சிய வெச்சுக்கினு சொல்றது?

ஏப்ரல் 16

எதிர் வீட்டுப் பூவம்மாள் அக்கா வந்து என் காலில் விழுந்தாள். அவள் மகள் அலமுவும் என்னைப் போலக் கருப்பு. மூன்று இடம் தட்டிப் போயிற்று. "தாயே, எம் பொண்ணுக்கு எப்ப வேளை வரும்? உன் வாயால ஒரு வார்த்தை சொல்லும்மா." அழுகிறாள், எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். "தை மாசம்" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன்? யாருடி நீ, அம்மனா? இந்த வாய் அழுகிப் போகட்டும்.

ஏப்ரல் 18

இன்று பூவம்மாள் அக்கா தேங்காய் பழத் தட்டோடு வந்தாள். அலமுவும் கூட வந்தாள். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "திருப்புட்குழியில ஒரு இடம் கேட்டுக்கினு இருக்காங்கம்மா. நல்ல குடும்பந்தான். ஆவணியிலயே முடிக்கணும்ன்றாங்க. நீயே தை மாசம்னு சொல்லிட்டே, அப்புறம் இன்னா? வேணாம்னு சாயங்காலம் சொல்லி அனுப்பிடறேன்."

அலமு கதவோரம் தலை குனிந்து நின்றாள். அவளுக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது. பார்த்தாலே தெரிந்தது. அம்மன் வாக்குக்கு எதிராக அவள் என்ன பேச முடியும்?

"அக்கா, வேணாம்னு சொல்லிடாதீங்க. இது அம்மன் இல்லைக்கா. சோடா. நூலு அவிக்கிற சோடா. வெளுப்பா ஆவணும்னு நான்தான் ஒரு பிடி போட்டுப் பூசிக்கினேன்."

அண்ணன் முதலில் எழுந்து வெளியே போனான். அக்கா தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "உன் கால்ல வுழுந்தேனே" என்றாள். அம்மா அடித்திருந்தால் தேவலை. வெந்த முகத்தில் எங்கே அடிப்பது என்று தெரியாமல் கையை ஓங்கி ஓங்கி இறக்கினாள்.

ஏப்ரல் 19

ஆஸ்பத்திரி. அம்மா என்னோடு உள்ளே வராமல் வெளியிலேயே நின்றுகொண்டாள். லேடி டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "பட்டுல பசை போனா பளபளக்கும். உன் தோல்ல இருக்கிற எண்ணெய்ப் பசை உனக்குக் காவல்மா. அதையும் கழட்டிட்டே" என்றார். புண் ஆற ஒரு களிம்பு கொடுத்தார். ஆறிய பிறகு காலையும் மாலையும் பச்சைத் தண்ணீரில் கழுவு. தேய்க்காமல் துணியால் ஒற்று. ஈரம் முழுக்கக் காய்வதற்குள் கொஞ்சம் வாசலின் தடவு. சோப்பு, மஞ்சள், எலுமிச்சை எதுவும் கிட்டே வரக் கூடாது. உச்சி வெயிலில் போகாதே.

"அவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதான். வேற ஒண்ணும் பண்ணாம இருக்கணும். அதுதான் உனக்குக் கஷ்டம்."

ஏப்ரல் 27

தெருவில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். சோடாம்மன். நான் கொல்லை வழியாகத்தான் போகிறேன், வருகிறேன். முகத்தை மூடிக்கொள்கிறேன், துணி உரசி எரிகிறது.

மே 14

அம்மை என்று சொல்லி இருபதாம் தேதி வரவைத் தள்ளிப்போட்டோமே, அந்த ஆரணிக்காரர்களுக்கு வேறு இடம் முடிந்துவிட்டதாம். அப்பா செய்தியைச் சொல்லிவிட்டு நூலைப் பார்க்கப் போய்விட்டார். என்னைப் பார்க்கவில்லை.

மே 31

உரிய வேண்டியது உரிந்து புதுத் தோல் வந்துவிட்டது. அதே கருப்பு. உள்ளே வெள்ளைக்காரியா ஒளிந்துகொண்டிருப்பாள்? ஆனால் இழுக்கவில்லை, எரியவில்லை. தண்ணீர், துணி, வாசலின். பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் இன்று சாப்பிடும்போது, "மோர் ஊத்து" என்றான். நாற்பது நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. மோரை இலைக்கு வெளியே ஊற்றிவிட்டேன்.

ஜூன் 9

விடியற்காலையில் கொல்லைக் கதவைத் தட்டினார்கள். பூவம்மாள் அக்கா. ஏப்ரலிலிருந்து என் வீட்டுப் பக்கம் திரும்பாதவள். பின்னால் அலமு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு.

"ஞாயித்துக்கிழமை திருப்புட்குழிக்காரங்க பாக்க வராங்க. நீ ஒரு பிடி போட்டேன்னு சொன்னியே... நாங்க ஒரு சிட்டிகைதான் போட்டோம். ஏன்டி இப்படி ஆவுது?"

அலமு முந்தானையை விலக்கினாள். கன்னம் இரண்டும் செக்கச் செவேல் என்று இருந்தது.

பார்த்தும் போட்டிருக்கிறார்களே! என் முகம் வெந்ததைத் தெருவே பார்த்தது, பார்த்துச் சிரித்தது. அப்புறமும் அளவைக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள். திட்டத்தான் வாய் வந்தது. திட்ட நான் யார்?

அக்கா எண்ணெய் கேட்டாள். முதலில் தண்ணீர்தான் என்று அலமுவைக் கொல்லையில் உட்கார வைத்துக் குடம் குடமாக முகத்தில் விட்டேன். அலமு சத்தமில்லாமல் அழுதாள். வெயில் ஏறுவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம், நானும் வருகிறேன் என்றேன்.

அக்கா தெருப் பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "யாராச்சும் கேட்டா அம்மை போட்டிருக்குன்னு சொல்லிடலாமா?" என்றாள்.

"வேணாம்கா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டாள். வாசல் வழியாகத்தான் கிளம்பினோம். படியிறங்கும்போது அலமு மறுபடியும் முந்தானையை இழுத்து மூடப் போனாள்.

"மூடாதே அலமு. துணி உரசும்" என்றேன்.

மூடாமலே வந்தாள்.