கெரேத்தாரோ எங்கே இருக்கிறது

அன்புள்ள அம்மணிக்கு,

மெக்சிகோவில், கெரேத்தாரோவில் வேலை கிடைத்திருக்கிறது என்று நீ சொன்ன நாளில், அது எங்கே இருக்கிறது என்றுகூட நான் கேட்கவில்லை. உன்னை வழியனுப்பவும் வரவில்லை.

இப்போது அந்த ஊரைப் பற்றி எல்லாம் படித்துவிட்டேன். ஸ்பானியர் ஆண்ட காலத்து ஊர். ஊற்றுத் தண்ணீரை எழுபத்து நான்கு கல்வளைவுகள்மேல் ஊருக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். முதலில் பஞ்சாலைகள் வந்தன. இன்று கார், விமான உதிரிபாகங்கள் செய்கிறார்கள். நமக்குச் சிறுவாணித் தண்ணீர், பஞ்சு மில், அப்புறம் பம்பு. நீ கோயமுத்தூரை விட்டு வெகுதூரம் போய்விடவில்லை என்று தோன்றியது.

நேற்று உன் அப்பா பெரியநாயக்கன்பாளையம் பட்டறைக்கு வந்தார். நீ அனுப்பிய படங்களைக் காட்டி அரைமணி நேரம் விளக்கினேன்.

"ஏனுங்க மாப்பிள்ளை, அங்கயே பொறந்து வளந்தவராட்டம் பேசறீங்க. ஒருக்கா போய்ப் பாத்துப்போட்டு வரலாமில்லைங்க?"

"டிக்கெட் போட்டாச்சுங்க மாமா. பட்டறைக்குப் பதினஞ்சு நாள் லீவு உட்டுட்டேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவேயில்லை.

டிசம்பர் இருபதாம் தேதி வருகிறேன். கொஞ்சம் ஸ்பானிஷ் பழகுகிறேன். வணக்கமும் நன்றியும் இன்னும் வாயில் நுழையவில்லை. மன்னித்துவிடு என்பதற்கு 'பெர்தோன்' என்கிறார்கள். தமிழில் எனக்கு வராதது அதில் சுலபமாக வருகிறது.

உன்
பட்டறைக்காரன்