மேல் ரூம் சாவி

என் கட்டெறும்பு அத்தானுக்கு மாடத்தி எழுதுவது.

நானும் சுஷ்மாவும் சுகம். உங்கள் சுகத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாததால் அதை விட்டுவிட்டேன். போன ஆடியில் நீங்கள் போனதிலிருந்து வீட்டு நியாயம் பேச ஆளில்லை, அதனால் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

சுஷ்மா ஒன்பதாவதுக்கு வந்துவிட்டாள். மாட்டுங்காவிலிருந்து வாலாம்பாள் டீச்சர் என்று ஒருவர் வந்து பாடம் எடுக்கிறார். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியில் யூத ஜனங்களைக் கொன்றதைச் சொன்னாராம். முதலில் பேர் எழுதினார்களாம். பிறகு சட்டையில் நட்சத்திரம் தைக்கச் சொல்லி, கடைசியில் ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொன்றார்களாம். அறுபது லட்சம் பேர். நம் தாராவி ஜனம் அவ்வளவு இருக்குமா என்றேன். "பல தாராவிம்மா" என்றாள். சில பேர் மட்டும் உயிருக்குத் துணிந்து அவர்களை வீட்டில் ஒளித்து வைத்தார்களாம்.

"உங்கள் வீட்டில் ஒருவரை ஒளிக்க இடம் எங்கே, பார்த்து வாருங்கள்" என்றாராம் டீச்சர். பிள்ளைகள் சிரித்தார்களாம். உங்கள் மகள் சிரிக்காமல் வந்து பரணில் ஏறிப் படுத்துப் பார்த்தாள். கால் இரண்டும் வெளியே தொங்கின. அதற்குள் எதிர்வீட்டு ஜெபா மதினி, "ஏட்டி, வயசுப்பிள்ளை மேல ஏறி என்ன பண்ணுதா?" என்று கேட்டு, கல்லி முழுக்க, சந்து முனை வரைக்கும் தெரிந்துவிட்டது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது. நீங்கள் போன பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான்.

"எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருவரை ஒளிக்க முடியாது. கல்லியே சேர்ந்து ஒளித்தால்தான் உண்டு" என்று எழுதிப் போனாளாம். உங்கள் கல்லி ஒளிக்குமா என்று டீச்சர் திருப்பிக் கேட்டாராம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சுஷ்மாவோடு படிக்கிற சபா என்கிற பிள்ளையின் வீட்டை முனிசிபாலிட்டியில் இடிக்கப் போகிறார்கள். நீங்கள் போனதிலிருந்து பூட்டிக் கிடக்கிற, கல்லி பார்க்க ஏணி ஏறிப் போகிற நம் மேல் ரூமை அவள் அம்மா சைனப் வாடகைக்குக் கேட்டாள். நம் ஊர்ப்பக்கத்து மேலப்பாளையத்துக்காரர்கள். கல்லி கமிட்டி ஞானராஜ் அண்ணன் கூப்பிட்டு, "தங்கச்சி, முஸ்லிம் ஆளுக வேண்டாம். நம்ம ஆளுக்கே குடு" என்றார். தண்ணீர் மோட்டார் அவர் கையில். உங்கள் பாடையைத் தோளில் சுமந்தவரும் அவர்தான். எப்படி மீறுவது என்று நாலு நாள் தூக்கமில்லை. உங்கள் துணிமணியை எடுக்கவும் மனசு வரவில்லை. கடைசியில் சுஷ்மா சொன்னாள்: "ஒளிச்சு வைக்கவா சொல்லுதாங்க? சாவிதானம்மா கேக்காங்க."

கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெளிச்சத்தில் சைனப் பால் காய்ச்சினாள். நானும் அவளும் சபாவும் டம்ளர்களைத் தட்டில் வைத்துக் கல்லி முழுக்க வாசல் வாசலாகப் போனோம். மூன்று வீட்டில் கதவு திறக்கவில்லை. ஞானராஜ் அண்ணன் டம்ளரைப் பார்த்தபடி நின்றார். குடித்துவிட்டால் குடிவந்ததை ஒத்துக்கொண்ட மாதிரி அல்லவா. ஜெபா மதினி ஒன்றை எடுத்து மடக்கென்று குடித்து, "சீனி கம்மி" என்றாள். பிறகு அவரிடம், "என்ன பாத்துக்கிட்டு நிக்கீரு? ஆறிரும், குடியும்" என்றாள். குடித்தார்.

மறுநாள் காலையில் நம் பைப்பில் தண்ணீர் வந்தது. "ஆள் கூடிப்போச்சு, இன்னொரு டிரம் வாங்கு" என்று மட்டும் அண்ணன் முணுமுணுத்தார்.

உங்கள் நீலச் சட்டை மாட்டியிருந்த ஆணியில் இப்போது சபாவின் ஸ்கூல் பை தொங்குகிறது. சட்டையை என் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் இருவரையும் அங்கிருந்து ஆசீர்வதியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாடத்தி.

ஒன்று கேட்க வேண்டும். வம்பே வேண்டாம் என்று ஒதுங்கிப் போகிற ஆள் நீங்கள். சாவி உங்கள் கையில் இருந்திருந்தால் கொடுத்திருப்பீர்களா, அத்தான்?